லைட் வாடகை இல்லாமல் ஒரு குறும்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, மூன்று நாள், மார்ச் மாதம், ஐந்து பேர். வீட்டை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குக் கிளம்பப்போகிற ஒரு அம்மா, கடைசி நாளில் சாமான்களை ஒதுக்குகிறார். கதை அவ்வளவுதான், படம் 11 நிமிடம். ஒரு லைட்கூட வாடகைக்கு எடுக்கவில்லை. படத்தைப் பார்த்த நண்பர்களும், அடுத்து எடுக்கப்போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நாங்கள் சொதப்பிய இடங்களும் இதில் உண்டு.

இயற்கை வெளிச்சம், இருக்கிற வெளிச்சம் இரண்டும் ஒன்றா?

இல்லை. வெயில், வானம், நிலா இதெல்லாம் இயற்கை வெளிச்சம். இருக்கிற வெளிச்சம் என்றால் நீங்கள் போவதற்கு முன்பே அந்த இடத்தில் எரிந்துகொண்டிருப்பது: சமையலறை டியூப்லைட், டீக்கடை பல்பு, தெருவிளக்கு, டிவி, சாமி மாடத்து விளக்கு.

நாங்கள் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான். வீட்டில் இருக்கும் விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம், பல்பை மாற்றலாம். ஸ்டாண்டில் நிற்கிற எந்த லைட்டையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. தெர்மாகோலும் வேட்டியும் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை, திருப்பிவிடுவதும் வடிகட்டுவதும்தான் அவற்றின் வேலை என்பதால் அனுமதித்தோம்.

இதைவிடக் கடுமையான விரதம் இருந்தவர்களும் உண்டு. 1995-இல் டென்மார்க்கில் இயக்குநர்கள் லார்ஸ் வான் ட்ரியரும் தாமஸ் விண்டர்பெர்கும் அறிவித்த டாக்மே 95 விதிகளில் ஒன்று, படத்துக்கென்று தனியாக லைட் வைக்கக் கூடாது என்பது. வெளிச்சம் போதவில்லையா, காட்சியை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேமராவிலேயே ஒற்றை விளக்கை மாட்டிக்கொள்ளலாம். முதல் படம் எடுப்பவருக்கு அவ்வளவு வைராக்கியம் வேண்டாம்.

லைட்டே இல்லையென்றால் அந்தச் செலவு மிச்சம்தானே?

பணம் மிச்சம். நேரம் போகும். லைட் கையில் இருந்தால் மாலை 4 மணிக்கும் காலை 10 மணிக் காட்சியை எடுக்கலாம். இல்லாதபோது அந்தக் காட்சிக்கு ஒரு நாளில் முக்கால் மணி நேரம்தான் வாய்க்கும். தவறவிட்டால் மறுநாள். இரண்டு நாளில் முடிகிற படம் எங்களுக்கு மூன்று நாள் ஆனது அதனால்தான். மூன்றாவது நாள் சாப்பாட்டுச் செலவையும் வேன் வாடகையையும் கணக்குப் போட்டால், மிச்சம் பிடித்ததில் பாதி அதில் போய்விட்டது.

ஆகவே லைட்மேன் செய்கிற வேலையை உங்கள் படப்பிடிப்பு அட்டவணை செய்ய வேண்டும். எந்த ஷாட் எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்காமல் ‘நேச்சுரல் லைட்தானே, போய்ப் பார்த்துக்கலாம்’ என்று கிளம்பினால் பன்னிரண்டு மணி வெயிலில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நாங்கள் முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

லொக்கேஷன் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு நாள் முழுக்க அங்கே இருங்கள். காலை 6 முதல் மாலை 6.30 வரை, மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு அறையிலும் ஒரே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். சூரியன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் ஆப்கள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் பக்கத்து வீட்டு மாடிச் சுவர் 3.20-க்கே வெயிலை மறைத்துவிடும் என்பதை எந்த ஆப்பும் சொல்லாது. அந்தப் பதின்மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதி அட்டவணை தானே எழுதிக்கொள்ளும்.

நாங்கள் போன வீட்டில் கூடத்து ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. காலை ஒன்பதரைக்கு அதிலிருந்து விழுகிற வெயில் கட்டம் மேற்குச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. பத்தரைக்குச் சுவரின் அடியில். பதினொன்றேகாலுக்குத் தரையில் இறங்கிவிட்டது. அம்மா பெட்டியைத் திறந்து பழைய பட்டுப்புடவையைப் பிரிக்கும் ஷாட்டை அந்தக் கட்டம் தரைக்கு வரும் நேரத்துக்கு வைத்தோம். சரிகையில் வெயில் பட்டு அவர் முகத்தில் தெறித்தது. நாங்கள் செய்ததெல்லாம் பெட்டியை இரண்டு அடி நகர்த்தியதுதான்.

அப்புறம் சுவர் நிறம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் வெள்ளை வெயில் உள்ளே வந்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும்போது பச்சையாகத்தான் வரும். ஜன்னல் பக்கத்துக் கன்னம் சரியாக இருக்கும், மறுபக்கக் கன்னம் காமாலை வந்தது போல இருக்கும். சிவப்பு ஆக்ஸைடு தரை இதற்கு நேர்மாறு. கீழிருந்து முகத்துக்கு இளஞ்சூடான ஒரு நிறம் கொடுக்கும். பச்சை அறையில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் கேமராவில் தெரியாத சுவர்மேல் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள்.

கோல்டன் அவரில் (சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும் மஞ்சள் வெயில் நேரத்தில்) எடுத்தால் போதும், படம் தானாக அழகாகிவிடும் என்கிறார்களே?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வரும் நம்பிக்கை இது. ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக இறங்கும், மஞ்சள் வெயில் நெடுநேரம் நிற்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி மேலே ஏற அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகிறது. அதற்குப் பெயர் ‘அவர்’ என்பது நமக்குப் பொருந்தாது.

அந்த அரை மணியில் ஒரு காட்சி முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். நான்கு ஷாட் கிடைத்தால் பெரிய விஷயம். ஒத்திகையை நாலரைக்கே முடித்து, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, நடிப்பவரை அவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று. சென்னைக் கடற்கரையில் கடலுக்குள் சூரியன் மறைவது போல எழுதிக்கொண்டு வருகிறவர்களை ஆண்டுக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். இங்கே கடலில் சூரியன் உதிக்கும். மறைவது ஊருக்குப் பின்னால். கடல்மேல் இறங்கு வெயில் வேண்டுமென்றால் காலை 6 மணிக்கு எடுத்துவிட்டு மாலை என்று சொல்லிக்கொள்ளலாம். அலைக்கு நேரம் தெரியாது, வாக்கிங் போகிறவர்களை மட்டும் ஃபிரேமில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ உச்சி வெயிலில் எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், வெளியே முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்களே, அதுதான். நட்டு வைத்த கம்புக்கே நிழல் விழாதபோது மனிதருக்குப் புருவ நிழல் கண்ணுக்குள்தான் விழும். கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழி தெரியும்.

கடிகாரத்தில் 12 மணி உச்சி என்று நினைக்க வேண்டாம். சென்னையில் உச்சி நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.52-ஐ ஒட்டியும், பிப்ரவரியில் 12.20 தாண்டியும் வரும். கோவையில் அதிலிருந்தும் பதின்மூன்று நிமிடம் போலத் தள்ளி.

அந்த இரண்டு மூன்று மணி நேரம் வீட்டுக்குள் எடுக்க அருமையான நேரம். வெளியே சிமெண்ட் தரையும் மண்ணும் பெரிய ரிஃப்ளெக்டர் போல வெயிலை வாங்கி வாசல் வழியாக உள்ளே தள்ளும். திண்ணையிலும் தாழ்வாரத்திலும் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் கீழிருந்து மெத்தென்று வெளிச்சம் ஏறும். வெளிக்காட்சிதான் வேண்டுமென்றால் வேப்பமரத்தடி, ஆனால் இலைகளுக்கு இடையே பொட்டுப் பொட்டாக விழும் வெயில் முகத்தில் படாத இடமாகப் பாருங்கள். எதற்கும் வழியில்லையா, நாலு பேர் நான்கு மூலையைப் பிடித்து வேட்டியைத் தலைக்கு மேல் விரிக்க வேண்டியதுதான். பெரிய படங்களில் ஸ்கிம்மர் என்ற பெரிய வடிகட்டும் துணியைக் கட்டுவது இதே காரியத்துக்குத்தான். எட்டு முழ வேட்டி இரண்டு பேர் நிற்கிற ஷாட்டுக்குப் போதும். கரை இல்லாத வேட்டியாக எடுங்கள். எங்கள் வேட்டியின் பச்சைக் கரை ஒரு ஷாட்டில் அம்மாவின் நெற்றியில் கோடு போட்டுவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எப்படி எடுப்பது?

எங்கள் படத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். அம்மா சமையலறைக்கு வெளியே, ஜன்னலருகே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். மகன் கதவருகே நின்று பேசுகிறான். முதலில் அவரை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தோம். முகம் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாக இருந்தது.

பிறகு ஜன்னலுக்கு இணையாகத் திருப்பினோம். ஒரு கன்னம் வெளிச்சம், ஒரு கன்னம் இருட்டு. கேமராவை இருட்டுக் கன்னத்தின் பக்கம் கொண்டுபோனதும் மூக்கு, தாடை, கழுத்துச் சுருக்கம் எல்லாம் வடிவம் பெற்றன. வெளிச்சம் இருக்கிற பக்கத்திலிருந்து எடுப்பதைவிட நிழல் பக்கத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் நன்றாக வரும். இந்த ஒரு பழக்கம் உங்கள் படத்தை நிறையவே மாற்றிவிடும்.

ஜன்னல் வழியாக நேர் வெயில் வந்து முகத்தில் கம்பி நிழல் போட்டது. வெளிப்புறம் வேட்டியை இரண்டு மடிப்பாகத் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். வேட்டியே ஒரு பெரிய வெள்ளை விளக்காகிவிட்டது. வேட்டியை ஜன்னலோடு ஒட்டிக் கட்டாமல் ஓரடி தள்ளிக் கட்டியதில் கம்பிகளின் நிழல் காணாமல் போனது. இருட்டுக் கன்னம் ரொம்பவே இருட்டாக இருந்ததால் மூன்றடி தூரத்தில் ஒரு தெர்மாகோலைத் தரையில் சாய்த்து வைத்தோம். அதிகமாகிவிட்டது. ஐந்தடிக்கு நகர்த்தியதும் சரி.

ஜன்னலிலிருந்து தூரம் முக்கியம். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் முகம் பளீரென்று இருக்கும், பின்சுவர் இருண்டுபோகும். நான்கு அடி உள்ளே தள்ளினால் முகத்துக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறையும். அம்மா தனியாக அழும் ஷாட்டுக்கு ஜன்னலோரம், இருவரும் பேசும் ஷாட்டுக்கு உள்ளே என்று பிரித்துக்கொண்டோம்.

துணியில் வடிகட்டுவதும் திருப்பிவிடுவதும் நம் நாட்டில் புதிய சரக்கு இல்லை. 1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்துதானே வரவேண்டும்? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டுகளைக் கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணி வானமானது. ஸ்டுடியோ லைட்டை வைத்து அவர் எதைப் போலச் செய்யப் பார்த்தாரோ, அது நம் வீட்டு முற்றத்தில் சும்மா கிடைக்கிறது.

ரிஃப்ளெக்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஸ்டேஷனரி கடைத் தெர்மாகோல் ஷீட் நான்கு வாங்கி, இரண்டிரண்டாகப் பின்பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள், புத்தகம் போல மடியும், தானே நிற்கும். வெயிலில் பளபளக்கிற வெள்ளித்தாளைவிட வெள்ளைத் தெர்மாகோல் முகத்துக்கு நல்லது. வெள்ளித்தாள் கண்ணைக் கூசவைக்கும், நடிப்பவர் கண்ணைச் சுருக்குவார். தூரத்திலிருந்து வெளிச்சத்தை ஒரு மூலைக்கு அனுப்ப மட்டும் அது உதவும். எங்களிடம் அதுவும் இல்லை. எவர்சில்வர் தாம்பாளத்தை முற்றத்தில் வைத்து இருட்டு நடைக்கு ஒரு வெயில் வட்டத்தை அனுப்பினோம், தண்ணீரில் பட்டுத் தெறித்தது போலிருந்தது.

கறுப்புத் துணியையும் மறக்காதீர்கள். மொட்டை மாடி, வெள்ளைச் சுவர் வீடு போன்ற இடங்களில் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்து முகம் அப்பளம் போல ஆகிவிடும். ஒரு பக்கம் கறுப்புப் போர்வையைப் பிடித்தால் அந்தக் கன்னத்தில் நிழல் வரும். வெளிச்சத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் நமக்கு அடிக்கடி தேவைப்படும். எங்கள் மொத்த லைட் செலவு, வேட்டியையும் சேர்த்து, ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

நடிப்பவர் கறுப்பாக இருக்கிறார். முகம் தெரிய எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்ச அளவை) கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள். போன் கேமராவை அதன்போக்கில் விட்டால் கறுத்த முகத்தை வெளுக்க வைக்கப் பார்க்கும். பின்னால் வானம் வெந்துபோகும், தோல் சாம்பல் பூசியது போலாகும். கறுத்த தோல் வெளிச்சத்தைப் பரப்பிக் காட்டுவதைவிடப் பளபளப்பாகக் காட்டும். அதனால் தேவை பெரிய, மெத்தென்ற வெளிச்சம்: திறந்த வாசல், வேட்டி கட்டிய ஜன்னல், பக்கவாட்டில் தெர்மாகோல். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுக்கு வந்துவிட்டால் முகம் தெளிவாகத் தெரியும், நிறமும் அதன் நிறமாகவே இருக்கும். பவுடர் போட விடாதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவினால் போதும். பின்னணியும் முக்கியம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தால் எந்த முகமும் இருட்டாகத்தான் தெரியும்.

தமிழ் முகத்தை வெளுப்பாகக் காட்டுவதுதான் நல்ல ஒளிப்பதிவு என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டை போடுங்கள்.

போனிலேயே எடுக்கலாமா? என்ன செட்டிங்?

தாராளமாக. 2015-இல் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்ஸில் எடுத்த ‘டேஞ்சரின்’ தியேட்டரில் ஓடியது. நாங்கள் முக்கால்வாசி போனிலும், இருட்டுக் காட்சிகளை மட்டும் நண்பரின் பழைய மிரர்லெஸ் கேமராவில், துளை பெரிதாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் எஃப் 1.8 லென்ஸ் போட்டும் எடுத்தோம்.

போனோடு வரும் கேமரா ஆப்பில் எடுக்காதீர்கள். ஒரு ஷாட்டின் நடுவிலேயே அது மனம் மாறும். நடிப்பவர் வெள்ளைச் சட்டையோடு குறுக்கே போனால் படம் முழுக்க இருண்டு மீளும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், எல்லாவற்றையும் கையால் பூட்டலாம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி, ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்ற நிறச் சமன்) பூட்டு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு. வெளுத்துப்போன இடத்தில் கோடு போட்டுக்காட்டும் ஸீப்ரா வசதியைப் போட்டுவிட்டு, முகத்தில் எங்கும் கோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வானம் கொஞ்சம் வெளுத்தால் போகட்டும்.

வெளி வெயிலில் இந்த ஷட்டரில் போன் திணறும். லென்ஸ் துளையைச் சுருக்க பெரும்பாலான போன்களில் வழி இல்லை, வெளிச்சம் ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு) அதிகமாக இருக்கும். அதைத் தின்ன என்டி 64 ஃபில்டர் வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றினால் கையசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். நாங்கள் ஒரு கூலிங் கிளாஸைக் கழற்றி லென்ஸ் முன்னால் பிடித்துப் பார்த்தோம். வெளிச்சம் குறைந்தது, கூடவே உலகமே பாசி பிடித்தது. ஃபில்டருக்குச் செலவு செய்யுங்கள். படம் எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள், இதற்குச் செலவில்லை.

டியூப்லைட் போட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறதே?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/60 என்றால் கணக்கு ஒட்டாது, பட்டை ஓடும். பல போன்கள் தானாக எடுப்பது 30 ஃபிரேம், 1/60 என்பதுதான் வம்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே எடுப்பவர்களுக்கு 1/60-தான் சரி.

இதில் எங்களுக்கு விழுந்த அடி பெரியது. சமையலறையில் மலிவு எல்இடி டியூப். போன் திரையில் ஒன்றும் தெரியவில்லை. எடிட்டிங்கில் பெரிய திரையில் பார்த்தபோது அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் மூச்சு விடுவது போல இருண்டு வெளுத்தது. இரண்டு ஷாட்டில் யாரோ ஷட்டரைத் தெரியாமல் தட்டிவிட்டிருக்கிறோம். அவற்றைத் தூக்கிவிட்டு, மகனின் முகத்திலேயே அந்த வசனம் முழுவதையும் ஓடவிட்டோம். தப்பித்தோம். நீங்கள் ஒவ்வொரு விளக்கையும் முன்கூட்டியே அரை நிமிடம் எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். சில எல்இடிகள் எந்த ஷட்டருக்கும் அடங்காது, அணைத்துவிட வேண்டியதுதான்.

ஜன்னல் பக்கம் நீலமாகவும் பல்பு பக்கம் மஞ்சளாகவும் வருகிறது. சரிசெய்ய வேண்டுமா?

அது பிழை இல்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். குண்டு பல்பு 2700 கெல்வின், நண்பகல் வெயில் 5500, நிழல் 7000-க்கு மேல். கேமராவை 4300 போல நடுவில் வைத்தால் வெளியே லேசான நீலம், உள்ளே லேசான மஞ்சள். மாலை நேரத்து வீடு கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. பிரச்சினை எல்லா வீட்டிலும் இருக்கும் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. அது வெயிலோடும் ஒட்டாது, பல்போடும் ஒட்டாது, முகத்தில் ரத்தம் இல்லாதது போலக் காட்டும். பகல் காட்சியில் அதை அணையுங்கள். இரவுக்காட்சி என்றால் மஞ்சள் பல்பு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

இரவுக் காட்சிக்கு என்ன செய்வது?

நடு இரவில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் கருக்கல் நேரம் இருபது நிமிடம் போல நிற்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் மஞ்சள் பல்பைப் போட்டு, ஒயிட் பேலன்ஸை 3200 பக்கம் இறக்கி, ஒரு ஸ்டாப் குறைவாக எடுத்தால் வெளியே கருநீல இரவு, ஜன்னலில் மஞ்சள். மரமும் ஓட்டுக்கூரையும் வானத்தில் கோடு கோடாகத் தெரியும். நள்ளிரவில் எடுத்தால் அந்த இடமெல்லாம் வெறும் கறுப்பு, அதில் புள்ளி புள்ளியாகப் பட இரைச்சல் (நாய்ஸ்).

தெருக்காட்சி என்றால் டீக்கடை, மருந்துக்கடை, ஏடிஎம் இவற்றின் முன்னால் நிற்க வையுங்கள். மேலே இருந்து விழும் தெருவிளக்கை மட்டும் நம்பினால் உச்சி வெயில் கண்குழிதான் இங்கேயும் வரும். பழைய சோடியம் விளக்கு இன்னும் எரிகிற தெரு கிடைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் பெரும்பகுதி மஞ்சள்தான் இருக்கிறது. சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் பழுப்படித்துத் தெரியும், பின்னால் கலரில் மீட்பதும் கஷ்டம்.

குத்துவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் எடுக்க முடியுமா?

முடியும், போனில் வேண்டாம். எஃப் 1.8 அல்லது 1.4 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200 தாங்கும் கேமராவும் இருந்தால் ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு ஒரு முகத்துக்குப் போதும். ஒரு திரியும் ஐந்து திரியும் ஃபிரேமில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும், வெளிச்சமோ ஐந்து மடங்கு. விளக்கிலிருந்து முகம் இரண்டடிக்குள் இருக்கட்டும். பின்னால் ஃபிரேமுக்கு வெளியே இன்னொரு தட்டில் பத்து அகல் ஏற்றி வைத்தோம், அம்மாவின் முடி ஓரம் சுவரிலிருந்து பிரிந்து தெரிந்தது. பக்கத்தில் தெர்மாகோலோ வேட்டியோ வேண்டவே வேண்டாம், தெர்மாகோலில் தீப் பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஒரு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மின்விசிறியும் ஓடக் கூடாது.

ஒரே காட்சியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெயில் நகர்ந்துவிடுகிறது. கன்டின்யுட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி)?

நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி, சுவரில் அது முழங்கை நீளத்தைத் தாண்டிவிடும். எனவே முதலில் வைட் ஷாட்டை எடுத்துவிடுங்கள். வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிவது அதில்தான். குளோஸ்-அப்பில் சுவர் தெரியாது, வேட்டியும் தெர்மாகோலும் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துக்கூட ஒப்பேற்றலாம். நாங்கள் வசனத்தின் வரிசைப்படி எடுத்தோம், அதாவது அம்மா, மகன், அம்மா, மகன் என்று மாறி மாறி. விளைவு, ஒவ்வொரு வெட்டுக்கும் பின்சுவரில் வெயில் கட்டம் தவளை மாதிரித் தாவுகிறது. ஒருவர் பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவர் பக்கம் போயிருக்க வேண்டும்.

மேகம் வந்து வந்து போகும் நாள் எல்லாவற்றிலும் மோசம். முழு மேகம் நல்லது, முழு வெயில் பரவாயில்லை. விட்டு விட்டு வந்தால், ‘மேகம்’, ‘வெயில்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதற்காகக் காத்திருங்கள். ஒருவரை வானம் பார்க்கும் வேலைக்கு மட்டும் வையுங்கள். அணைத்த போனின் கறுப்புத் திரையில் மேகத்தின் பிம்பத்தைப் பார்த்தால் அது போகும் திசை தெரியும். அப்போதும் சூரியனின் பிம்பத்தை உற்றுப் பார்க்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. வெயில் சாய்வாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை மேகம் ஊருக்கே ஸ்கிம்மர் கட்டியது போல இருக்கும், ஆனால் கூரை இல்லாத காட்சியை நம்பி வைக்க முடியாது. மே மாதக் கத்திரியில் எடுக்கவே வேண்டாம், நடிப்பவருக்கு வியர்த்து ஒழுகும், போன் சூடேறித் தானே அணைந்துவிடும்.

சத்தத்துக்கு என்ன செய்தீர்கள்?

வெளிச்சத்துக்காக எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் அதன் வழியாக ஆட்டோ ஹாரன், மீன்காரர், கோயில் ஸ்பீக்கர் எல்லாம் உள்ளே வரும். மின்விசிறியையும் அணைத்தாக வேண்டும். காலர் மைக் இரண்டு இரவல் வாங்கினோம், அப்படியும் மூன்று வரிகளை டப்பிங் செய்ய வேண்டி வந்தது. பணம் கொஞ்சம் இருந்தால் அதை மைக்குக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன்.

விட்டுப்போனதையெல்லாம் கலர் கிரேடிங்கில் (எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிறம் திருத்துவதில்) பார்த்துக்கொள்ளலாமா?

நிறத்தைச் சரிசெய்யலாம், வெளிச்சம் வரும் திசையை மாற்ற முடியாது. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே கலருக்குப் போதும். படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வசதி மட்டும் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் இருக்கிறது. அதனால் இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

சொந்த வீடு, நண்பர் வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் போதும். ரயில் நிலையம், மெட்ரோ, கடற்கரை, தொல்லியல் துறைக் கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் கேமரா ஸ்டாண்டை விரிக்காதீர்கள். போன்தானே என்று சொன்னாலும் தெர்மாகோலைப் பார்த்ததும் வந்துவிடுவார்கள்.

குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

நடிப்பவர்களைத் தவிர மூன்று பேர். ஒருவர் கேமரா, ஒருவர் சத்தம், ஒருவர் தெர்மாகோல். மூன்றாமவர்தான் கிடைக்கமாட்டார். எல்லாரும் இயக்குநராகவே வருவார்கள், அட்டையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நிற்க ஆள் இருக்காது. எங்களுக்கு அந்த வேலையைப் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் செய்தான். இரண்டாம் நாளே, “அண்ணா, அத்தை மூஞ்சில வெளிச்சம் கம்மியாயிடுச்சு, அட்டையைக் கிட்ட கொண்டுவரட்டா?” என்று கேட்டான். கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அது தெரியவில்லை.